சாக்கில் உருளைக்கிழங்கு: செடி செழித்தும் கிழங்கு இல்லையா?

உருளைக்கிழங்கு குளிர்ச்சியை விரும்பும் பயிர். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும், ஓசூர், தாளவாடி போன்ற மேட்டுப் பகுதிகளிலும் பயிராகிறது. சங்ககிரி, மகுடஞ்சாவடி, திருச்செங்கோடு வட்டாரத்துச் செம்மண் காடுகளில் கிழங்குப் பயிர் என்றால் அது குச்சிக்கிழங்குதான். ஆயினும் திண்ணையிலும், தாழ்வாரத்திலும், மாடிப்படியின் அடியிலும் சாக்கு வைத்து நாலு உருளைக்கிழங்கை நட்டுப் பார்க்கும் ஆசை நம் பக்கத்து விவசாயிகளுக்கும் உண்டு. முளைத்த கிழங்கு ஒன்று அடுப்படியில் கிடந்தாலே போதும், இந்த ஆசை வந்துவிடும்.

நட்டவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே. செடி இடுப்புயரம் வளர்ந்தது, இலை கரும்பச்சையாக இருந்தது, சாக்கைக் கொட்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்குகள். சிலருக்கு அதுவும் இல்லை.

வீட்டுச் சாக்கோடு போகும் காரியமாக இருந்தால் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. செடி செழித்ததைப் பார்த்து, கிழங்கு இறங்குமுன்பே, அடுத்த பட்டத்தில் அரை ஏக்கர் நடலாம் என்று விதைக்கிழங்கு வாங்கப் புறப்படுகிறவர்களும் உண்டு. ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ வரை விதைக்கிழங்கு வேண்டும். அரை ஏக்கர் என்றாலே 300 கிலோவுக்குக் குறையாது. விதை, வண்டி வாடகை, உரம், பார் போடும் கூலி எல்லாம் கைவிட்டுப் போன பிறகு கிழங்கு இறங்கவில்லை என்றால், சிறு விவசாயி அந்த ஆண்டு எழுந்திருக்க முடியாது. எனவே சாக்கில் தெரியும் குறைகளைச் சரியாகப் படித்துக் கொள்ளுதல் நலம்.

முதல் எதிரி இரவுச் சூடு

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் உருளை வளர்ப்பவர்கள் வெளியில் உள்ள பனிக்கும் உறைபனிக்கும் பயந்து உள்ளே கொண்டு வருகிறார்கள். நம் கதை தலைகீழ். நமக்கு வெளியே வெயில், உள்ளே புழுக்கம். அவர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே எடுத்துக் கொண்டால் நமக்குப் பொருந்தாது.

உருளைச் செடியின் இலை பகலில் மாவுச்சத்தைத் தயாரிக்கிறது. இரவு குளிர்ந்திருந்தால் அந்தச் சத்து மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டுகளின் நுனிக்கு இறங்கி, அங்கே கிழங்காகப் பருக்கிறது. இரவு சூடாக இருந்தால் செடி தன் சத்தில் பெரும் பகுதியைத் தானே மூச்சுவிட்டுச் செலவழித்து விடுகிறது. அதோடு, கிழங்கு கட்டு என்ற உத்தரவே நுனிக்குப் போவதில்லை. மண்ணுக்குள் கிழங்காக வேண்டிய தண்டு நுனி மேலே வந்து இன்னொரு கிளையாகி விடுகிறது. ஆகவேதான் செடி அவ்வளவு அடர்த்தி! அந்தச் செழிப்பே நோயின் அடையாளம் என்று கொள்ள வேண்டும்.

இரவு வெப்பம் 15 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால் கிழங்கு நன்கு கட்டும். 20 டிகிரியைத் தாண்டினால் குறையத் தொடங்கும். இரவும் பகலும் 30 டிகிரியை ஒட்டியே இருந்தால் கிழங்கை எதிர்பார்ப்பது வீண். சேலம், நாமக்கல் சமவெளியில் மார்கழி, தை மாதங்களில்தான் விடியற்கால வெப்பம் 20 டிகிரியை ஒட்டியோ சற்றுக் கீழேயோ இறங்கும். நமக்கு உள்ள வாசல் அவ்வளவுதான். ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகை முதல் வாரத்திலோ நட்டால், நட்ட 30 முதல் 45 நாட்களில் நடக்கும் கிழங்கு கட்டும் பருவம் சரியாக அந்த வாசலில் வந்து விழும். பொங்கலுக்குப் பிறகு நட்டவர்களுக்குக் கிழங்கு கட்ட வேண்டிய நேரம் மாசி, பங்குனியில் வருகிறது. ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழக்கம் உருளைக்குச் சற்றும் ஆகாது.

இடத்தையும் பார்க்க வேண்டும். காங்கிரீட் தளம் போட்ட அறையோ, தகரம் அல்லது சிமெண்ட் அட்டை வேய்ந்த கொட்டகையோ பகல் முழுதும் குடித்த வெயிலை இரவு பத்து மணிக்கும் கக்கிக் கொண்டிருக்கும். வெளி வாசல் குளிர்ந்த பிறகும் அறைக்குள் கட்டில் சுடுவதை நாம் அறிவோம். சாக்கும் அப்படித்தான் சுடும். ஆகவே "வீட்டுக்குள்" என்பதை அறைக்குள் என்று எடுத்துக் கொள்ளக்கூடாது. கிழக்குப் பார்த்த திண்ணை, ஓலை வேய்ந்த தாழ்வாரம், காற்றோட்டமுள்ள ஓட்டுச் சாய்ப்பு இவையே தகுந்தவை. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படவேண்டும். மேற்கு வெயில் படக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்கு ஊறாமல் காப்பதும் தாழ்வாரம்தான்.

கடையில் விற்கும் கறுப்புப் பைகளை விட வெள்ளைச் சாக்கே மேல். கறுப்பு நிறம் சூட்டை இழுக்கும். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் வைக்கோலோ காய்ந்த கரும்புத் தோகையோ பரப்புங்கள். மாலையில் சாக்கின் வெளிப்புறத்தைச் சுற்றி ஈரக் கோணியைச் சுற்றினால் மண் ஓரிரு டிகிரி குறையும். செலவில்லாத வேலை.

ஒரு சிறிய சுவர் வெப்பமானி வாங்கிச் சாக்கின் அருகே தொங்கவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு என்ன காட்டுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பின்னால் காட்டில் நடலாமா வேண்டாமா என்பதற்கு அந்த நோட்டை விட நல்ல ஆலோசகர் கிடையாது.

செடி வெளுத்து நீண்டால்

தண்டு மெலிந்து, இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, சன்னல் பக்கம் சாய்ந்து போனால் குறை வெளிச்சத்தில் உள்ளது. நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் வெட்டவெளியில் உள்ள வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட அறையின் நடுவில் இருப்பதில்லை. யூரியா போட்டு இதைத் திருத்த முயல்வது தவறு. தண்டு இன்னும் நீளும். சாக்கைத் திண்ணை விளிம்புக்கு நகர்த்துங்கள். ஒரே நாளில் முழு வெயிலுக்குக் கொண்டு போனால் இலை கருகும். நான்கு நாட்களில் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும்.

மின் விளக்கு வைத்து வளர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 வாட் விளக்கு நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். 90 நாளுக்கு 108 யூனிட். அதன் கீழ் இரண்டு சாக்குக்கு மேல் வைக்க முடியாது. மின் கட்டணத்தையும் சந்தையில் கிழங்கு விற்கும் விலையையும் நீங்களே ஒத்துப் பாருங்கள். மேலும் இரவெல்லாம் விளக்கெரிந்தால், நாள் நீண்டுவிட்டது என்று எண்ணிச் செடி கிழங்கு கட்டுவதைத் தள்ளிப் போடும். வாசல் விளக்கு விடிய விடிய எரியும் இடத்துக்கு நேர் கீழே சாக்கை வைக்காதீர்கள்.

விளக்கையும் குளிர்ச்சியையும் செயற்கையாகக் கொடுத்து உருளையை உள்ளே வளர்ப்பது உலகில் இல்லாததல்ல. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், வேர்களைக் காற்றில் தொங்கவிட்டுச் சத்து நீரைப் பனிபோல் தெளித்து, மண்ணே இல்லாமல் சிறு விதைக்கிழங்குகளை உண்டாக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்துள்ளது. பெரு நாட்டு லிமாவில் உள்ள சர்வதேச நிலையத்திலும் இம்முறை உண்டு. ஆனால் அங்கே கிடைப்பது நோயற்ற விதை, குழம்புக்கு அல்ல. விதைக்கு உள்ள மதிப்பே அந்தச் செலவைத் தாங்கும்.

விதை முளைக்காமல் அழுகினால்

கடைக் கிழங்கை நடுகிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள். புதிதாகத் தோண்டிய கிழங்கு இரண்டு மாதம் போல் உறங்கும். எத்தனை தண்ணீர் விட்டாலும் கண் திறக்காது. குளிர்சாதனக் கிடங்கிலிருந்து வரும் கிழங்கில் சிலவற்றுக்கு முளை வராமலிருக்க மருந்துப் புகை கொடுத்திருப்பார்கள், அதுவும் முளைக்காது. ஆகவே முளை கண்ட கிழங்கையே நடவேண்டும். கோழி முட்டை அளவுக் கிழங்குகளை ஒரு முறத்தில் கண் மேலே பார்க்கப் பரப்பி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். முளை அரை அங்குலத்தில் குட்டையாக, தடித்து, பச்சையும் ஊதாவுமாக இருந்தால் நல்ல விதை. இருட்டில் வைத்தால் முளை வெள்ளை நூலாக நீளும், நடும்போது ஒடியும்.

கிழங்கைக் கண் கண்ணாக வெட்டி நடுவதும் உண்டு. நம் பக்கத்துச் சூடான மண்ணில் வெட்டுவாய் வழியே அழுகல் நுழையும். சிறு கிழங்கை முழுதாக நடுவதே நன்று. பெரிதாக இருந்து வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், துண்டுக்கு இரண்டு கண் இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் தோல்போல் உலரும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வைத்து, பிறகு நடுங்கள். கத்தியை ஒவ்வொரு கிழங்குக்கும் வெந்நீரில் முக்கித் துடைக்க வேண்டும்.

இரகத்தைப் பற்றி ஒரு சொல். 1968இல் வெளியான குஃப்ரி ஜோதி இன்றும் பரவலாகப் பயிராகிறது. மலைக்கும் மேட்டு நிலத்துக்கும் அது தகும். சூடு தாங்கும் இரகம் என்று 2006இல் வெளியிடப்பட்டது குஃப்ரி சூர்யா. மற்ற இரகங்கள் கிழங்கு கட்டத் தயங்கும் இரவு வெப்பத்திலும் அது கட்டும். கிடைத்தால் அதையே தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சாக்கு முயற்சியோடு நிறுத்திக் கொள்ளலாம்.

நீலகிரிக் கிழங்கை விதைக்கு எடுப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. 1961இல் உதகமண்டலம் பகுதியில் உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. ஊசிமுனை அளவுள்ள அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மண் ஒட்டிய கிழங்கோடு ஊர்விட்டு ஊர் போய்விடும் என்பதால், 1971இல் தமிழ்நாட்டு விதைக்கிழங்கு வெளி மாநிலம் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. உதகை அருகே முத்தோரையில் 1957 முதல் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இப்புழுவைத் தாங்கும் இரகங்களுக்காகப் பெரிதும் உழைத்துள்ளது. எனவே மண் ஒட்டிய மலைக் கிழங்கை விதைக்கென்று கொண்டு வந்து நம் தோட்டத்தில் புதைக்க வேண்டாம். குழம்புக்கு வாங்குவதில் குற்றமில்லை; கழுவிய மண்ணைக் காய்கறிப் பாத்தியில் ஊற்றாதிருந்தால் போதும்.

மண்ணும் சாம்பலும்

சங்ககிரியில் சிமெண்ட் சாக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தினால் மூன்று முறை அலசிக் காயவைத்த பிறகே மண் நிரப்ப வேண்டும். ஒட்டியிருக்கும் சிமெண்ட் மண்ணைச் சுண்ணாம்புத் தன்மையாக்கும். அத்தகைய மண்ணில் கிழங்கின் தோலில் சொறி விழும். நம் பக்கத்தில் சுக்கான் கல் கலந்த மண்ணும் அப்படியே. கிழங்குப் பயிருக்குச் சாம்பல் நல்லது என்று அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவார்கள். ஏற்கெனவே சுண்ணாம்புள்ள நம் மண்ணில் அது சொறியைத்தான் கூட்டும். சாம்பல்சத்து வேண்டுமென்றால் கடைப் பொட்டாஷ் ஒரு தேக்கரண்டி போதும்.

செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணலோ மக்கிய தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு கலந்து, சாக்குக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் சேர்க்கவும். பச்சைச் சாணம் கூடாது. சாக்கின் அடியிலும் பக்கங்களிலும் பத்துப் பன்னிரண்டு துளைகள் வேண்டும். வாயை மடித்து இறக்கி, எட்டு அங்குலம் மண் போட்டு, மூன்று கிழங்குகளை வைத்து, நான்கு அங்குலம் மூடுங்கள். தண்டு முக்கால் அடி வந்ததும் பாதி உயரத்துக்கு மண் அணைத்து, அப்போது மட்டும் 5 கிராம் யூரியா இடலாம். அதற்கு மேல் யூரியா போடுவது இலையை வளர்க்கவே. இன்னும் ஒருமுறை மண் அணைத்தால் போதும். மண்ணை ஏற்ற ஏற்றச் சாக்கின் உச்சி வரை கிழங்கு காய்க்கும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். மண் அணைப்பது கிழங்கு வெளிச்சம் படாமல் மூடியிருக்கத்தான்.

வெடிப்பு, முண்டு, அழுகல்

நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். அல்லது நின்றுபோன கிழங்கு மீண்டும் வளர்ந்து இஞ்சிபோல் முண்டு முண்டாகும். மண்ணில் சூடு ஏறினாலும் ஒரு கிழங்கிலிருந்து முளை கிளம்பி இன்னொரு குட்டிக் கிழங்கு கட்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம், உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். கிழங்கின் தோலில் வெள்ளைப் பொரிபோல் புள்ளிகள் எழுந்திருந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று பொருள். அடுத்து வருவது அழுகல். கிணற்று நீர் உப்பாக இருந்தால் பிடித்து வைத்த மழைநீரைக் கொடுப்பது நல்லது.

பச்சைச் செடி திடீரென்று வாடினால்

எல்லாவற்றிலும் கவலைக்குரியது இதுவே. மண்ணில் ஈரம் இருக்கிறது, இலை பச்சையாகவே இருக்கிறது, ஆனால் நண்பகலில் செடி துவண்டு மறுநாள் எழவில்லை. மண்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே தண்டை அறுத்து, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுவாய் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெண்ணிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்து கிடையாது.

இதே நோய் தக்காளி, கத்தரி, மிளகாயையும் தாக்கும். நிலக்கடலையையும் விடாது. இரண்டு ரூபாய் கிழங்கோடு வந்த நோய், அந்தச் சாக்கு மண்ணைக் கொட்டிய கத்தரித் தோட்டத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடும். சாக்கு முயற்சியில் உண்மையான நட்டம் ஒரு கிலோ கிழங்கல்ல, இதுதான்.

இலை கீழ்நோக்கி மடங்கி, அடிப்புறம் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தால் சிலந்திப் பேன். மழை படாத தாழ்வாரத்தில் இது விரைவாகப் பெருகும். இலையின் அடிப்புறத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைப் பீச்சுங்கள். அசுவினி, வெள்ளை ஈக்கு லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். தானியம் வைத்து, குழந்தைகள் படுக்கும் இடத்தில் பூச்சிக்கொல்லி விஷ மருந்தை எக்காரணம் கொண்டும் தெளிக்கக்கூடாது. எலிக்குச் சாக்கைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துக் கம்பி வலை சுற்றுவதே வழி.

தோண்டும் நேரம்

நட்ட 80 முதல் 100 நாளில் இலை மஞ்சளாகிச் சாயும். பத்து நாள் முன்னதாகவே தண்ணீரை நிறுத்தினால் தோல் கெட்டியாகும். காலைக் குளிரில் சாக்கைக் கவிழ்த்துப் பொறுக்கி, அன்றே நிழலுக்குக் கொண்டு போய் இருட்டறையில் மணல் மேல் பரப்புங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. லேசாகப் பச்சை கண்ட இடத்தை ஆழமாகச் சீவி எறியலாம். முழுதும் பச்சையாக இருந்தால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூடப் போடக்கூடாது. செடியின் இலை, தண்டும் அப்படியே. குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மூன்று கிழங்கு வைத்த சாக்கில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ வந்தால் நம் சமவெளிக்கு நல்ல விளைச்சல். வெப்பமானிக் குறிப்பையும் இந்த எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காட்டைப் பற்றி யோசிக்கலாம். கார்த்திகையில் நட்டு, நாலு சாக்கிலும் அரைக் கிலோவுக்கு மேல் தேறவில்லை என்றால், அரை ஏக்கரில் குச்சிக்கிழங்கையோ சர்க்கரைவள்ளியையோ வைத்துக் கொள்வதே மேல். அவை நம் சூட்டில் கிழங்கு கட்டப் பிறந்தவை. இரண்டு பட்டம் தொடர்ந்து சாக்கில் நன்றாக வந்தால் மட்டும், அதுவும் ஐந்து சென்ட் அளவில், ஓடை ஓரமாகக் குளிர்ந்த துண்டில் நட்டுப் பார்க்கலாம்.

வேலை முடிந்த சாக்கு மண்ணைக் கத்தரி, தக்காளி, மிளகாய்ப் பாத்தியில் போடாதீர்கள். சோளம், கம்பு விதைக்கும் காட்டில் கொட்டுங்கள். வாடல் கண்ட சாக்காக இருந்தால் அதுவும் கூடாது. செடியையும் கிழங்கையும் மண்ணையும் சேர்த்து, வாய்க்காலுக்கும் எருக்குழிக்கும் தள்ளி, தண்ணீர் ஓடாத மேட்டில் மூன்றடிக் குழி வெட்டிப் புதைத்து, மண்வெட்டியையும் கைகால்களையும் அங்கேயே கழுவிவிட்டு வாருங்கள்.